தேர் வீதியில் கடையாகிப்போன எங்கள் மெத்தை வீடு: வரலாற்றை எங்கே தேடுவது? இடிக்காமல் வைத்திருக்க வழி உண்டா?

தேர்வீதிப் பேரன்

கோவை கோனியம்மன் தேர் சுற்றி வரும் நான்கு வீதிகளில் ஒன்றில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மெத்தை வீடு, அதாவது மாடி வீடு, இருக்கிறது. வீடு என்று நாங்கள்தான் சொல்கிறோம். ஊருக்கு அது ஜவுளிக்கடை. என் அப்பாருவின் (தாத்தாவின்) ஐயன் பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கீழ்த்தளம் வாடகைக்குப் போய்விட்டது, பிறகு மெத்தையும் போனது. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்ததெல்லாம் தீபாவளிக்குத் துணி எடுக்கத்தான்.

சென்ற மாதம் கடைக்காரர் காலி செய்தார். முகப்பில் அடித்திருந்த அலுமினியத் தகடுகளை அவருடைய ஆட்கள் கழற்றியபோது எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு ஒவ்வொன்றாக இறங்க இறங்க, என் வயதுக்கு நான் பார்த்தே இராத ஒரு வீடு வெளியே வந்தது. மேல்மாடத்தில் நான்கு உருண்டைத் தூண்கள். அவற்றுக்கு மேலே சுதையில் இரண்டு கிளிகள், நடுவில் குத்துவிளக்கு. இடப்பக்கக் கிளியின் கழுத்தில் திருகாணி முடுக்கிய துளை. தூண்களில் எண்ணினேன், முப்பத்தொரு துளைகள். உள்ளே நிலைமை இன்னும் மோசம். வீட்டின் நடுவில் இருந்த தொட்டியை, அதாவது திறந்த முற்றத்தை, மூடித் தரை போட்டிருக்கிறார்கள். வானம் தெரிந்த இடத்தில் கண்ணாடியிழைத் தகடு. ஆசாரம் என்கிற கூடம் பட்டுச் சேலைப் பிரிவாக இருந்திருக்கிறது. என் பாட்டியம்மாள் சமைத்த இடம் உடை மாற்றிப் பார்க்கும் அறை. ஒரு தலைமுறை கட்டியதை வாடகைக்கு வந்தவர்கள் இப்படிச் செய்துவிட்டார்களே என்று எனக்குத் தாங்கவில்லை.

இப்போது நாங்கள் மூன்று பங்காளிக் குடும்பங்கள். கட்டுமானக்காரர் ஒருவர் இடித்துவிட்டு ஐந்து மாடி வணிக வளாகம் கட்டலாம் என்று கேட்கிறார். என் சித்தப்பா வேண்டாம் என்கிறார். கூரை ஓட்டில் 1865 என்று எழுதியிருக்கிறது, நூற்றைம்பது வருட வீட்டை இடிக்கலாமா என்பது அவர் வாதம். தலைவாசல் நிலையின் மேல்கட்டையில் "பவ ௵ தை ௴" (பவ வருடம், தை மாதம்) என்று செதுக்கியிருக்கிறது. இதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. பேச்சுவார்த்தைக்கு உட்காருமுன் இந்த வீட்டைப் பற்றி உண்மையாக என்ன சொல்ல முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

உக்கடத்தான்

வருத்தம் புரிகிறது. ஆனால் மூன்று குடும்பத்தில் யாராவது அங்கே குடியிருக்கத் தயாராக இருக்கிறீர்களா? வண்டி நிறுத்த இடமில்லை, பண்டிகைக் காலத்தில் வாசலில் கால் வைக்க முடியாது. குடியிருக்க முடியாத வீட்டை எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். அந்த வீதிகளில் அடி மண்ணின் விலை உங்களுக்கே தெரியும்.

சாந்துக்கரண்டி

கட்டட வேலையில் முப்பது வருடமாக இருக்கிறேன். பழைய வீடு பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. சித்தப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்த 1865 வீட்டின் வயது அல்ல. மங்களூரில் பாசல் மிஷன் என்ற ஜெர்மானிய-சுவிஸ் கிறித்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதைப் பின்னாளில் செய்த ஓடுகளிலும் முத்திரையாகப் போட்டார்கள். அல்புகர்க் என்ற இன்னொரு மங்களூர் நிறுவனத்தின் ஓட்டில் 1868 என்று இருக்கும், அதுவும் அப்படித்தான். இந்த முத்திரையைப் பார்த்துவிட்டு எழுபது எண்பது வருட வீட்டையெல்லாம் நூற்றைம்பது என்று சொல்லிக்கொள்வது கொங்கு நாடு முழுக்க நடக்கிறது.

உங்களிடம் ஓட்டை விட நல்ல சாட்சி இருக்கிறது. பவ வருடம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். பவ தை என்றால் 1875 ஜனவரி-பிப்ரவரி, அல்லது 1935 ஜனவரி-பிப்ரவரி. இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி. மெத்தையைத் தாங்குவது மர உத்திரமா, இரும்பு உத்திரமா? இரும்பு என்றால் அதன் பக்கவாட்டில் வார்ப்பு எழுத்து இருக்கும். சுண்ணாம்பு அடித்து மறைந்திருக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், ஈரத் துணி போதும். படித்துச் சொல்லுங்கள்.

ஓடுகளையும் நாலைந்து திருப்பிப் பாருங்கள். முதல் உலகப் போரின்போது பாசல் மிஷன் தொழிற்சாலைகள் ஆங்கிலேய அரசின் கைக்குப் போயின. போருக்குப் பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் ஓடு வந்தது. அந்தப் பெயர் கிடைத்தால் கதை தெளிவாகிவிடும்.

ஓலைப்பெட்டி

நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிக்குச் சில வழிகள் சொல்கிறேன்.

முதலில் தாய்ப்பத்திரம். மூத்த பங்காளி வீட்டு இரும்புப் பெட்டியில் கட்டாயம் இருக்கும். முத்திரைத்தாளில் எந்த மன்னர் தலை என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரியில் இறந்தார், அதனால் அவர் தலை போட்ட தாள் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்திரம். பிறகு செக்குபந்தி. "இதற்குச் செக்குபந்தி" என்று தொடங்கி நான்கு எல்லையும் எழுதியிருப்பார்கள். கிழமேல் இத்தனை ஜாதியடி, தென்வடல் இத்தனை ஜாதியடி என்று அளவு இருக்கும். காலி மனையாக வாங்கினார்களா, பழைய ஓட்டு வீட்டோடு வாங்கினார்களா என்பது அங்கேதான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயரும் தொழிலும் எல்லையில் வரும். ஒரு செக்குபந்தியைப் படித்தால் அன்றைக்கு அந்த வீதியில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு படமே கிடைக்கும்.

வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான். அதற்கு முன்னால் வேண்டும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் கையால் தேட வேண்டும். அதோடு நகர நில அளவைப் பதிவேட்டில் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு எப்போது கடையானது என்பதற்குச் சொத்துவரி ரசீதுதான் சாட்சி. கோவை 1866-இல் நகராட்சி, 1981-இல் மாநகராட்சி. ரசீதின் தலைப்பைப் பார்த்தாலே காலம் பிடிபடும். வாடகைக் கணக்குச் சிட்டை கிடைத்தால் அணாக் கணக்கா, நயா பைசாக் கணக்கா என்று பாருங்கள். 1957 ஏப்ரல் 1 முதல்தான் நூறு பைசாக் கணக்கு.

தேர்வீதிப் பேரன்

சாந்துக்கரண்டி ஐயா, நேற்று ஏணி வைத்து ஏறினேன். இரும்புதான். ஈரத் துணியால் துடைத்தபோது முதலில் வெறும் துரு நிறம். பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக மேடாக எழுந்து வந்தன: டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து. மூன்று உத்திரத்திலும் அதே பெயர். ஓடுகளில் மேற்குச் சரிவில் பாசல் மிஷன், கிழக்குச் சரிவில் காமன்வெல்த்.

தாய்ப்பத்திரம் பெரியப்பா வீட்டில் கிடைத்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை. மனையும் அதில் இருந்த ஓட்டு வீடும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். வாடகைச் சிட்டையின் முதல் பக்கத்தில் மாதம் ரூபாய் 85, அணா 8 என்று இருக்கிறது.

சாந்துக்கரண்டி

அப்படியானால் 1935 தை. டார்மன் லாங் நிறுவனமே 1875-இல்தான் இங்கிலாந்தில் தொடங்கியது. அந்த ஆண்டுத் தையில் அதன் இரும்பு கோவைக்கு வந்திருக்க வழியில்லை. சிட்னித் துறைமுகப் பாலம் கட்டியது இதே நிறுவனம். அந்தப் பாலம் 1932-இல் திறந்தது. ஏறக்குறைய அதே காலத்து இரும்புதான் கப்பலேறி, ரயிலேறி, உங்கள் மெத்தையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மேற்குச் சரிவில் இருப்பது அநேகமாக வாங்கியபோது இருந்த பழைய ஓட்டு வீட்டின் ஓடு. அன்றைக்கு யாரும் நல்ல ஓட்டை வீணாக்கமாட்டார்கள், இறக்கி அடுக்கிவைத்து மறுபடி ஏற்றியிருப்பார்கள்.

1935 என்பதில் இன்னொரு பொருத்தம் உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஸ்டேன்ஸ் மில் 1888-இலேயே இருந்தது, லட்சுமி மில் 1910-இல் வந்தது. ஆனால் ஊரே பஞ்சு பஞ்சு என்று பறந்தது முப்பதுகளில்தான். உங்கள் முப்பாட்டனார் கையில் பணம் சேர்ந்த காலமும் வீடு எழுந்த காலமும் ஒத்துப்போகின்றன.

ஒரு எச்சரிக்கை. சுவரில் சிமெண்டுப் பூச்சு எங்கெல்லாம் பொரிந்து விழுகிறது என்று பாருங்கள். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கடுக்காயும் பனைவெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தது. அந்தச் சுவருக்குள் ஈரம் ஏறும், வெயிலில் வெளியே வந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, செங்கல்லையே மாவாக்கிவிடும். தகட்டுத் துளைகளைப் பார்த்து நீங்கள் கண் கலங்குகிறீர்கள். அதைச் சுதைக்காரர் ஒரு வாரத்தில் அடைத்துவிடுவார். எனக்குச் சிமெண்டுதான் கவலை.

கோர்ட்டு வீதி

வாடகை வழக்குகளில் நெடுங்காலம் வேலை பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைவீதிகளில் இத்தனை பழைய வீடுகள் ஏன் போயின என்றால் எல்லோரும் நில விலை என்கிறார்கள். பாதி உண்மைதான் அது. மீதி 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி வாடகைதாரரை நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது. பாக்கி வைத்தால், உள்வாடகைக்கு விட்டால், உரிமையாளருக்குச் சொந்தத் தேவை இருந்தால், என்று எண்ணிச் சொல்லக்கூடிய காரணங்கள்தான். பிரிவு 14-இல் இரண்டு வழிகள் இருந்தன. பழுது பார்க்க வேண்டும் என்று கேட்டால், வேலை முடிந்ததும் பழைய வாடகைதாரருக்கே திரும்பக் கொடுக்க வேண்டும். இடித்துக் கட்டப்போகிறேன் என்று கேட்டால், இடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவேன், மூன்று மாதத்துக்குள் முடிப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும். கவனியுங்கள். பழுது பார்த்தால் வாடகைதாரர் திரும்பி வருவார், இடித்தால் போய்விடுவார். மாதம் நூறு ரூபாய் வாடகையில் முப்பது வருடம் மாட்டிக்கொண்ட உரிமையாளர் எந்த வழியைத் தேடுவார்? வீட்டின்மேல் ஆசை உள்ளவர்கள்கூட வேறு வழியில்லாமல் இடிப்பு மனுவில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

2017-ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது எழுத்து ஒப்பந்தம், அதைப் பதிவு செய்வது, காலம் முடிந்தால் காலி செய்வது என்று ஒழுங்கு வந்துவிட்டது. வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும் என்ற பழைய பயம் இனித் தேவையில்லை. முகப்பில் துளை போடக் கூடாது, தகடு அடிக்கக் கூடாது, சிமெண்டு பூசக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். உங்கள் அப்பாரு காலத்தில் இது நடக்காத காரியம்.

பவானிக்கரை அம்மணி

ஈரோட்டுப் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீடும் தொட்டிக்கட்டு வீடுதான். அது கடையாகவில்லை. அதனால் நின்றது என்று நினைக்காதீர்கள். இரண்டு மாமன்களும் பாகம் பிரித்தார்கள். சமமாக இருக்க வேண்டும் என்று வீட்டின் நட்டநடுவில், தொட்டியைக் குறுக்கே அறுத்து, ஹாலோபிளாக் சுவர் எழுப்பினார்கள். ஆளுக்கு அரைத் தொட்டி. மழை பெய்தால் தண்ணீர் போகும் தூம்பு பெரிய மாமன் பக்கம், தண்ணீர் தேங்குவது சின்ன மாமன் பக்கம். அந்தச் சண்டை கோர்ட்டு வரை போனது. வீட்டைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய ஆறாவது வருடம் கூரை உள்ளே இறங்கியது. என் அம்மாவுக்குத் திருமணம் 1989 மார்ச் 25-க்கு முன்பு என்பதால் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்த அன்றைய தமிழ்நாட்டுத் திருத்தம் அவருக்குப் பொருந்தவில்லை. 2005-இல் மத்திய சட்டம் வருவதற்குள் பாகம் பிரித்து முடித்துவிட்டார்கள். பங்கு கிடைக்காததைப் பற்றி அம்மா ஒருநாளும் பேசியதில்லை. அந்தச் சுவரைப் பற்றிச் சாகும்வரை பேசினார்.

தேர்வீதித் தம்பிக்கு என் கேள்வி இதுதான். உங்கள் வீட்டில் யாரும் குறுக்குச் சுவர் எழுப்பவில்லையே, ஏன்? கடையாக இருந்ததால்தானே?

உக்கடத்தான்

அம்மணி சொன்னதைப் படித்தபின் என் முதல் பதிவை மாற்றிக்கொள்கிறேன். மூன்று குடும்பமும் ஒரே வாடகையைப் பங்கிட்டதால்தான் வீடு முழுசாக இருக்கிறது.

வைசியாள் வீதி நகைக்காரர்

எங்கள் தொழிலில் ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவில் மார்ட்டன் பிளாண்ட் என்ற செல்வந்தர் 1905-இல் கட்டிய மாளிகை. சுற்றிலும் கடைகள் வந்துவிட்டதால் அவர் வேறிடம் போக நினைத்தார். அவர் மனைவி கார்ட்டியே நகைக்கடையில் இரண்டு சரம் முத்துமாலை ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டார். அதன் மதிப்பு பத்து லட்சம் டாலர். 1917-இல் அந்த மாலையையும் நூறு டாலரையும் கொடுத்து மாளிகையைக் கார்ட்டியே வாங்கிக்கொண்டது. பின்னாளில் ஜப்பான் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து முத்தின் விலை சரிந்தது. அந்த அம்மையார் இறந்தபின் 1957-இல் மாலை ஏலம் போனது சுமார் 1,51,000 டாலருக்கு. மாளிகை இன்றும் நகைக்கடையாகவே நிற்கிறது. 1970-இல் நகரத்தின் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்தார்கள். நூறு வருடம் தாண்டி ஒரே வியாபாரம் உள்ளே நடப்பதுதான் அந்த வீட்டின் ஆயுள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதி நகைப் பட்டறையாக இருந்தவை. ஊதுலைப் புகை ஏறிச் சுவர் கறுத்திருக்கும், அது வேறு விஷயம். பட்டறை காலி செய்யும்போது தங்கத் துகளுக்காகத் தரையின் மண்ணைச் சுரண்டி எடுத்துப் போவார்கள். நான் குடியிருந்த வீட்டில் ஆசாரம் முழுக்க அரை அடிக்குத் தோண்டியிருந்தது. அதனால் கடைக்கு விடும்போது எந்தத் தொழிலுக்கு விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஜவுளி வீட்டுக்கு நல்லது. ஈரமும் கரையானும் துணிக்கு ஆகாது, அதனால் கடைக்காரரே கூரையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

கட்டிடக்கலை மாணவி

சட்டப் பாதுகாப்பு பற்றி: தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆனால் தேர் வீதியில் ஒரு தனியார் வீட்டை அந்தச் சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கோவையின் பழைய திரையரங்கான வெரைட்டி ஹால் 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டியது. அதன் பெயரில் சாலை இருக்கிறது, கட்டடம் இல்லை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. இன்னொரு பக்கம், லட்சுமி மில் வளாகம் கடைகளும் உணவகங்களுமாக மாறி மக்கள் புழங்குகிறார்கள். ஈரோட்டில் பெரியார் வீட்டை அரசு நினைவகமாக வைத்திருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் வராது. வாடகை வரும் வீட்டைத்தான் வாரிசுகள் வைத்துக்கொள்வார்கள்.

வரைபடம் எடுக்க ஆள் வேண்டும் என்றால் நானும் என் தோழிகளும் இரண்டு நாள் வந்து அளந்து கொடுக்கிறோம். இடிப்பதென்று முடிவானாலும் அளந்த வரைபடமாவது மிஞ்சும்.

கத்தரிக்கோல்

வணக்கம். எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். தேர்வீதிப் பேரன் சொல்லும் கடை எதுவென்று எனக்குத் தெரியும். அங்கே இருபத்திரண்டு வருடம் துணி கிழித்துக் கொடுத்தவன் நான்.

தம்பி, நீங்கள் எண்ணிய முப்பத்தொரு துளையும் உண்மைதான். எங்கள் முதலாளிக்கும் அதில் விருப்பமில்லை. பக்கத்தில் பெரிய கடைகள் கண்ணாடியும் தகடுமாக வந்தபின், இது பழைய கடை என்று ஜனங்கள் படியேறாமல் போனார்கள். இரண்டு தீபாவளி பார்த்துவிட்டுத்தான் தகடு அடித்தார். கிளிகளின்மேல் தகடு உரசக் கூடாது என்று சாக்குத் துணியை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். கழற்றியவர்கள் அதைக் குப்பை என்று எறிந்திருப்பார்கள்.

ஒவ்வொரு வைகாசியிலும் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஓடு மாற்றும் ஆட்கள் வருவார்கள். உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே அளவு பழைய ஓடு எங்கே கிடைக்கும் என்று தேடி வாங்கி, அட்டாலியில் (பரணில்) அடுக்கிவைத்திருந்தோம். இப்போதும் அங்கே இருக்கும், பாருங்கள். உங்கள் வீட்டு ஊஞ்சல் சங்கிலியும் ஆசாரத்து இரட்டைக் கதவும் அட்டாலியில்தான் இருக்கின்றன. கதவைக் கழற்றிய நாளில் நான் ஒரு பக்கம் பிடித்தேன். கீல் ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து, எந்தக் கதவுக்கு எது என்று சாக்கட்டியால் குறித்துவைத்தார் முதலாளி.

தொட்டியை மூடியபோது கான்கிரீட் போட்டு நிரப்பலாம் என்று மேஸ்திரி சொன்னார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "இது நம் வீடு இல்லை. நாளைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்று சொல்லி, ஆற்று மணலைக் கொட்டி மேலே தரை போடச் சொன்னார். அடியில் பழைய கல் அப்படியே இருக்கிறது. தேர் நாளில் மட்டும் மெத்தையின் முன்கதவைத் திறந்து, உங்கள் குடும்பத்துப் பெண்கள் வந்தால் உட்காரப் பாய் விரித்துவைப்போம். தேரின்மேல் வீச உப்புப் பொட்டலமும் இருக்கும். முதலில் ஐந்தாறு பேர் வந்தார்கள். கடைசிப் பத்து வருடம் யாரும் வரவில்லை.

தேர்வீதிப் பேரன்

கத்தரிக்கோல் அண்ணா, உங்கள் பதிவை மூன்று குடும்பமும் உட்கார்ந்திருந்தபோது சத்தமாகப் படித்தேன். பெரியம்மா பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். தேருக்கு வந்து உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர். முதல் பதிவில் வாடகைக்கு வந்தவர்களைப் பற்றி நான் எழுதியது தவறு. கடைக்காரர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டைப் பார்க்காமல் விட்டவர்கள் நாங்கள்தான்.

முடிவு இன்னும் முழுதாக வரவில்லை. இரண்டு குடும்பம் மறுபடி வாடகைக்கு விடச் சம்மதித்துவிட்டது. மூன்றாவது குடும்பத்துக்கு மகள் கல்யாணச் செலவு இருக்கிறது, அவர்களுடைய பங்கை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாசித் தேர் வரை கட்டுமானக்காரரிடம் பதில் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மாணவிகள் அளந்துவிட்டுப் போனார்கள். கோர்ட்டு வீதி ஐயா சொன்ன நிபந்தனைகளைச் சித்தப்பா ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறார். சிமெண்டு என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

நேற்று சாந்துக்கரண்டி ஐயா ஆள் அனுப்பியிருந்தார். கத்தரிக்கோல் அண்ணாவும் வந்திருந்தார். எந்த மூலையில் தோண்ட வேண்டும் என்று காலால் அழுத்திக் காட்டினார். டைல்ஸை நான்கு அடிக்கு எடுத்தோம். அடியில் மணல்தான். இரண்டு அடி அள்ளியபின் கருங்கல் பாவிய தரை வந்தது. ஓரத்தில் தூம்பின் வாய், அதற்குள் ஒரு செங்கல்லைத் துணி சுற்றிச் செருகி வைத்திருந்தார்கள், மணல் உள்ளே போகாமல் இருக்க. செங்கல்லை எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சுழித்துக்கொண்டு இறங்கியது. வாசலில் நின்றிருந்த சித்தப்பா, வீதிச் சாக்கடையோரம் தண்ணீர் வருகிறது என்று அங்கிருந்தே கூப்பிட்டார்.